அரிய உயிரும் அதன் விலையும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. படையை நடுக்கிய அந்தப் பாம்பை இன்று சிலர் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் இட்டு, மின்விளக்கு ஏற்றி வைத்து, வீட்டுக்கு வந்தவர்க்கெல்லாம் காட்டி மகிழ்கிறார்கள். பாம்பு மட்டுமன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, அஞ்சினால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு; தென்னமெரிக்காவிலிருந்து இக்குவானா என்னும் பச்சை ஓந்தி; மடகாஸ்கர் தீவிலிருந்து பச்சோந்தி. இவை யாவும் நம் பெருநகரங்களில் வளர்ப்புப் பிராணிகளாகிவிட்டன.

ஊர்வனவற்றின்மேல் நமக்கிருந்த அச்சம் குறைந்ததே என்று மகிழலாமா? ஓரளவு மகிழலாம். அரூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் நான் பணியாற்றிய நாட்களில் வகுப்பறைக்குள் ஒரு சாரைப் பாம்பு நுழைந்துவிட்டால், அன்றைய பாடமும் முடிந்தது, பாம்பின் ஆயுளும் முடிந்தது. அந்த நிலையிலிருந்து, "எவ்வளவு அழகாயிருக்கிறது!" என்று ஒரு மாணவன் பாம்பைப் பார்த்துச் சொல்லும் நிலைக்கு நாம் வந்திருப்பது சிறிய மாற்றமன்று. ஆயினும் அழகைக் கண்டு வியத்தல் ஒன்று; அதை விலைக்கு வாங்கி உடைமையாக்கிக் கொள்ளுதல் வேறொன்று.

என்னிடம் படித்து, இப்போது சென்னையில் பொறியியல் கல்லூரியில் பயிலும் இளைஞன் ஒருவன் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான். தன் கைப்பேசியில் வெண்மையும் மஞ்சளும் கலந்த ஒரு மலைப்பாம்புக் குட்டியின் படத்தைக் காட்டினான். நண்பர்கள் மூவர் சேர்ந்து வாங்கப் போவதாகச் சொன்னான். நான் முகம் சுளித்திருக்க வேண்டும். அவன் கேட்டான்: "ஐயா, நான் திருடவில்லை, கொல்லவில்லை, காசு கொடுத்து வாங்குகிறேன், நன்றாகவும் வளர்ப்பேன். இதில் அறப்பிழை எங்கே இருக்கிறது?"

நல்ல கேள்வி. "அது பாவம், தம்பி" என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது. அதற்குரிய விடையைத் தேடுவதே இன்றைய என் பேச்சு.

முதலில் விலை என்பதை ஆராய்வோம். நம் பக்கத்துச் சந்தையில் ஓர் ஆட்டுக்கு விலை எப்படி அமைகிறது? அதன் எடை, வயது, பால், தீவனச் செலவு ஆகியவற்றால் அமைகிறது. ஆடு வாங்குவோர் பெருகினால் ஆடு வளர்ப்போர் பெருகுவர், ஆடுகளும் பெருகும். ஆனால் அரியதோர் ஆமைக்கு விலை எதனால் அமைகிறது? அது அரியது என்பதனாலேயே அமைகிறது. உலகில் எஞ்சியிருப்பவை எத்தனைக்கெத்தனை குறைவோ அத்தனைக்கத்தனை விலை மிகுதி. அதை வாங்குவோர் பெருகினால் காட்டில் ஆமை குறையும். குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் தேடித் திரிவோர் பெருகுவர். ஆட்டுச் சந்தையின் கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது. அருமைக்காகக் கொடுக்கும் பணம் அருமையை மேலும் உண்டாக்குகிறது. அதாவது, அழிவை விரைவாக்குகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. மடகாஸ்கர் தீவின் வடமேற்கில் அங்கோனோகா என்றோர் ஆமை இனம் உண்டு. அதன் ஓட்டின் அடியில், கழுத்துக்குக் கீழே, ஏரின் கொழுவைப் போல் ஒரு நீட்சி முன்னோக்கி வளைந்திருக்கும். ஆண் ஆமைகள் அதைக்கொண்டு ஒன்றையொன்று புரட்டிப் போரிடும். உலகில் மிக அருகிவிட்ட ஆமைகளுள் அது ஒன்று. அதைக் காப்பதற்கென அமைந்த இனப்பெருக்க நிலையத்திலிருந்தே 1996-ஆம் ஆண்டில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆமைகள் திருடப்பட்டன. 2013-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பாங்காக் விமான நிலையத்தில் ஒரே பயணப் பெட்டியில் 54 அங்கோனோகாக்கள் பிடிபட்டன. ஓர் இனத்தின் எஞ்சிய குடும்பங்களில் எத்தனையோ, ஒரு பெட்டிக்குள்! இறுதியில் பாதுகாவலர்கள் ஒரு வழி கண்டார்கள். காட்டில் வாழும் ஆமைகளின் ஓட்டில் எழுத்தும் எண்ணும் செதுக்கி, அவற்றின் அழகைத் தாமே கெடுத்தார்கள். அழகு கெட்ட ஆமையைச் சேகரிப்போர் விரும்பமாட்டார்கள் அல்லவா? ஓர் உயிரைக் காப்பதற்கு அதன் மேனியில் வடு இட வேண்டிய நிலைக்கு மனிதனின் ரசனை உலகைக் கொண்டுவந்திருக்கிறது. அந்த உளியைப் பிடித்த விஞ்ஞானிக்கு எத்தனை கசப்பாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

இன்னொரு செய்தி, கல்லூரியில் விலங்கியல் பயில்வோர் கருதத்தக்கது. தென் சீனத்தின் குகைப் பகுதியில் வாழும் பல்லி ஒன்றை 1999-ஆம் ஆண்டில் அறிஞர்கள் புதிய இனமென விவரித்து, அது கிடைத்த இடத்தையும் முறைப்படி வெளியிட்டார்கள். அறிஞர்களுக்காக எழுதப்பட்ட அக்கட்டுரையை வணிகர்களும் படித்தார்கள். சில ஆண்டுகளுக்குள், விவரிக்கப்பட்ட அந்த இடத்தில் அப்பல்லி இல்லாமலே போயிற்று. அதன்பின், புதிய ஊர்வன இனத்தைக் கண்டவர் பலர் அதன் இருப்பிடத்தை மறைத்தே எழுதுகின்றனர். அறிவைப் பகிர்ந்துகொள்வதே அறிவியலின் உயிர். அந்த உயிர்நாடியையும் இந்த வாணிகம் இறுக்கிவிட்டது.

தொலைதேசத்தை விட்டு நம் நாட்டுக்கு வருவோம். நட்சத்திர ஆமையை உங்களிற் சிலர் பார்த்திருக்கக்கூடும். கருநிற ஓட்டில் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கதிர்கள் விரியும். உலர்ந்த புல்லிடையே வெயிலும் நிழலும் கலந்து விழும்போது அந்த ஆமை இருப்பதே தெரியாது. அதற்காகவே இயற்கை அந்தக் கோலத்தை இட்டது. பகைவர் கண்ணுக்கு மறைய இட்ட கோலமே மனிதர் கண்ணை இழுத்துவிட்டது. வடமேற்கு இந்தியாவிலும், ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய பகுதிகளின் வறண்ட புதர்க்காடுகளிலும், இலங்கையிலும் அது வாழ்கிறது. ஆந்திர-கருநாடக எல்லையை ஒட்டிய ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக, ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்பட்டன என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. எடுப்பவர் யார்? பெரும்பாலும் ஏழை எளியவர். ஓர் ஆமைக்கு அவர் கையில் விழுவது மிகச் சிறிய தொகை. வெளிநாட்டுக் கடையில் அதே ஆமை விற்கும் விலையை அவர் கனவிலும் கண்டிரார். 2019-ஆம் ஆண்டு செனீவா நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு இந்த ஆமையை வாணிகத்துக்கு முற்றிலும் விலக்கான பட்டியலில் சேர்த்தது. நம் நாடும் இலங்கையும் வங்கதேசமும் அதற்கு முன்னின்றன.

ஆமை பிடிபட்டுவிட்டால் துன்பம் தீர்ந்ததா? 2018-ஆம் ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூருக்குத் திரும்பி வந்தன. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் மீட்கப்படும் ஆமை எந்தக் காட்டில் பிறந்தது என்று யார் அறிவார்? வடமேற்கு ஆமையும் தென்னாட்டு ஆமையும் மரபுவழியில் ஒன்றல்ல. கூட்டில் அடைபட்ட காலத்தில் பற்றிய நோயை அது காட்டுக்குள் கொண்டு செல்லவும் கூடும். எடுப்பது ஒரு நொடி. திருப்பி வைப்பது பல ஆண்டு வேலை.

இந்த உயிர்கள் கடத்தலுக்கு ஏற்றவையாய் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கேட்டால் உங்களுக்கு வருத்தம் தோன்றும். ஊர்வன தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலிலிருந்தும் சூடான கல்லிலிருந்தும் பெறுகின்றன. அதனால் அவற்றுக்கு உணவு மிகக் குறைவாகவே வேண்டும். நாட்கணக்கில், சில இனங்கள் மாதக்கணக்கிற்கூட, பட்டினி தாங்கும். கத்தவும் அறியா. ஆகவே துணிப்பையில் முடிந்தும், ஒட்டு நாடாவால் கால்களைக் கட்டியும், உடுப்புகளுக்கிடையே பெட்டியில் அடுக்குகிறார்கள். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருக்கக் கண்டனர் சுங்கத்துறையினர். ஒரு நாய்க்குட்டியை அப்படி அடைத்தால் அதன் ஓலம் விமான நிலையத்தையே எழுப்பிவிடும். தாங்கும் திறனே ஊர்வனவற்றுக்குப் பகையாயிற்று.

வாங்கியவன் வீட்டிலும் இதே கதைதான். பசு பசித்தால் கத்தும். நாய் நோயுற்றால் மூலையில் படுத்து முனகும். நமக்கு அவற்றின் மொழி ஓரளவு தெரியும். ஆமை பல மாதம் மெல்ல மெல்ல நலிந்தாலும் நமக்குத் தெரியாது. அதற்கு வெயிலின் புற ஊதாக் கதிர் வேண்டும். அதில்லையேல் எலும்பும் ஓடும் வலுவிழக்கும். தீனி தவறினால் ஓடு மேடு மேடாகக் கோணி வளரும். பெட்டியின் ஒரு மூலையில் சூடும் மறுமூலையில் குளிர்ச்சியும் வேண்டும். அது இடம்பெயர்ந்து தன் உடலைச் சமன் செய்துகொள்ளும். இவற்றையெல்லாம் கற்றுச் செய்பவர் சிலர் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பல பத்தாண்டுகள் வாழக்கூடிய ஓர் ஆமையை இருபது வயது இளைஞன் வாங்குகிறான். அவன் வேலைக்குப் போவான், மணம் புரிவான், ஊர் மாறுவான். அந்த ஆமை எங்கே போகும்?

இங்கே அந்த மாணவனின் சார்பாகவும் ஒரு வாதம் சொல்ல வேண்டும். "நான் வாங்கும் பாம்பு காட்டிலிருந்து பிடித்ததன்று, பண்ணையில் பிறந்தது. பண்ணையில் பிறந்ததை வாங்கினால் காட்டுக்கு என்ன நட்டம்?" என்பான் அவன். இதில் உண்மை உண்டு. பந்து மலைப்பாம்பு போன்ற சில இனங்கள் கூட்டில் பெருமளவு குட்டி பொரிக்கின்றன. ஆனால் பண்ணை என்ற சீட்டு எப்போதும் மெய்ச்சீட்டன்று. இந்தோனேசியாவிலிருந்து பண்ணையில் பிறந்தவை என்று ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் காட்டில் பிடிக்கப்பட்டவை என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கைப்பேசியில் படம் பார்த்து வாங்கும் கல்லூரி மாணவன் அதை எவ்வாறு பிரித்தறிவான்? பிறப்பு உண்மையிலேயே பண்ணையில்தான் என்றாலும் வேறொன்று இருக்கிறது. விந்தை நிறத்துக்கு விலை மிகுதி என்பதால் நிறத்துக்காகவே பாம்புகளை இணைசேர்க்கிறார்கள். பந்து மலைப்பாம்பில் 'சிலந்தி' என்று பெயரிட்ட ஒரு நிறவகை உண்டு. அந்நிறத்தைத் தரும் மரபுக்கூறே அதன் நரம்பையும் தாக்குகிறது; தலை நடுங்கும்; சிலவற்றுக்கு இரையைக் கவ்வுவதே தடுமாற்றம். அது தெரிந்தும் அந்த நிறத்தை வளர்த்து விற்றார்கள், வாங்கினார்கள்.

வாங்குவோன் குற்றவாளியல்லன், விற்போனே குற்றவாளி என்னும் வாதம் புதியதன்று. புலால் மறுத்தல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இதை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்: தின்பதற்கென்று உலகில் ஒருவரும் இல்லையாயின், விலைக்கு விற்பவரும் ஒருவரும் இரார் என்பது அவர் காட்டும் நியாயம். புலால் உண்பதைப் பற்றி உங்கள் கொள்கை எதுவாயினும் ஆகுக. அந்த நியாயத்தின் கூர்மை அரிய உயிர்களின் வாணிகத்துக்கு அப்படியே பொருந்துகிறது. வாங்குபவனைச் சங்கிலியின் கடைசிக் கண்ணி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவனே முதற்கண்ணி. அவன் கை நீட்டிய பிறகுதான் மடகாஸ்கரில் ஒருவன் புதருக்குள் குனிகிறான்.

நம் பக்கத்தில் நடக்கும் ஒன்றையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. மண்ணுளிப் பாம்பு, இருதலை மணியன் என்று நாம் அழைக்கும் சாதுவான பாம்பு ஒன்று உண்டு. அதற்கு இரு தலையுமில்லை, நஞ்சுமில்லை. வால் மழுங்கியிருப்பதால் தலைபோல் தோன்றுகிறது, அவ்வளவே. எலியைத் தின்று உழவனுக்கு உதவுவது. அதை வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்றும், வெளிநாட்டார் இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்குவர் என்றும் எவரோ கிளப்பிவிட்ட பொய்யை நம்பி அதைத் தோண்டித் திரிவோரும், ஏமாந்து பணத்தை இழப்போரும் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் உள்ளனர். நகரத்துப் படித்தவர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆனால் அருமைக்காக அங்கோனோகாவை வாங்கும் செல்வனுக்கும், அதிர்ஷ்டத்துக்காக மண்ணுளியை வாங்கும் பேதைக்கும் என்ன வேறுபாடு? இருவரும் உயிரை வாங்கவில்லை. தம் மனத்தில் உள்ள ஒரு கற்பனையை வாங்குகிறார்கள்.

அப்படியானால் ஊர்வனவற்றோடு வாழ்வதற்கு வேறு வழியே இல்லையா? உண்டு, அது நம் நாட்டிலேயே உண்டு. செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பவர். ஒரு காலத்தில் தோலுக்காகப் பிடித்தார்கள். தோல் வாணிகம் 1970களில் தடைசெய்யப்பட்டபின் பிழைப்பற்று நின்றார்கள். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசின் இசைவோடு பிடித்து, சில வாரம் வைத்து நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான நஞ்சில் பெரும்பங்கு அவர்களிடமிருந்தே செல்கிறது. பாம்பினால் வாழ்கிறார்கள், பாம்பை உடைமை கொள்வதில்லை.

இந்த இருளருள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவரை 2017-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தார் விமானத்தில் அழைத்துக்கொண்டார்கள். ஏன் தெரியுமா? பருமாவின் மலைப்பாம்பை அமெரிக்கர் பல்லாண்டுகள் செல்லப் பிராணியாக வாங்கினார்கள். குட்டியாயிருந்தது பதினைந்தடி வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் சதுப்புக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். 1992-இல் வீசிய ஆண்ட்ரூ புயலில் சிதைந்த வளர்ப்புக் கூடத்திலிருந்தும் சில தப்பின என்பர். எவர்கிளேட்சு என்னும் அந்தப் பரந்த சதுப்பு நிலத்தில் அவை பெருகின. பாம்புகள் நெடுங்காலமாகப் பரவியிருந்த பகுதிகளில் ரக்கூன் என்னும் விலங்கு காணப்படுவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு குறைந்துவிட்டது என்று 2012-இல் வெளியான ஆய்வு கூறிற்று. அதே ஆண்டில் அமெரிக்க அரசு அப்பாம்பின் இறக்குமதியைத் தடைசெய்தது. ஆனால் வெள்ளம் தலைக்குமேல் போயிருந்தது. நாய்களையும் கருவிகளையும் கொண்டு தேடியும் பாம்புகள் எளிதில் அகப்படவில்லை. நம் இருளர் இருவரும் கையில் ஓர் இரும்புக் கம்பியுடன் நடந்து, மண்ணையும் சருகையும் படித்து, முதல் எட்டு நாட்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றுள் ஒன்று பதினாறடி நீளம். 2023-இல் நம் அரசு இருவருக்கும் பத்மசிறீ விருது வழங்கியது. பள்ளிக் கல்வி பெறாத அவர்களின் அறிவை நாடி ஒரு பல்கலைக்கழகம் கடல் கடந்து அழைத்தது, மாணவர்களே! செல்வர் வாங்கிச் சலித்து எறிந்ததைச் சேர்த்தெடுக்க ஏழை இருவர் போனார்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவது ஆசிரியனுக்குக் கடைசி வழி என்பது என் கருத்து. நட்சத்திர ஆமை, மலைப்பாம்பு, உடும்பு போன்ற நம் நாட்டு இனங்களை வாங்குவதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்கள் நெடுங்காலம் அச்சட்டத்தின் பிடிக்கு வெளியே நின்றன. எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் கேட்பாரில்லை. 2022-இல் நிறைவேறி, 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த இடைவெளியை அடைத்தது. பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரை வைத்திருப்போர் அதைத் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதற்கான விதிகள் 2024-இல் வந்தன. பட்டியலில் இல்லாத இனங்களோ மிகப் பல. உலகில் விற்பனையாகும் ஊர்வன 3,900 இனங்களுக்கு மேல் என்றும், அவற்றில் முக்கால் பங்கு எந்தப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டிலும் அடங்காதவை என்றும் 2020-இல் ஓர் ஆய்வு கண்டது. ஆகவே, சட்டம் தடுக்கவில்லை என்பதனால் மட்டும் ஒன்று தகும் என்று ஆகிவிடாது.

பாம்பும் முதலையும் ஆமையும் காண விழைவோர் சென்னைக்குச் செல்லும்போது கிண்டிப் பாம்புப் பண்ணையையும், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1976-இல் அமைந்த முதலைப் பண்ணையையும் காணலாம். பணமே செலவாகாத வழியும் உண்டு. கோடை இறுதியில் உங்கள் வேலியில் ஏறி நிற்கும் ஆண் ஓணானைக் கவனியுங்கள். தலையும் கழுத்தும் செந்நிறமாகிவிடும். முன்கால்களை ஊன்றித் தண்டால் எடுப்பதுபோல் எழுந்து தாழும். அடுத்த வேலியில் இன்னோர் ஆண் தலை தூக்கினால் அந்த ஆட்டம் இருமடங்காகும். பத்து நாள் தொடர்ந்து பார்த்துக் குறிப்பெழுதினால், கண்ணாடிப் பெட்டிக்குள் ஓராண்டு பார்த்தும் அறியாததை அறிவீர்கள். எந்த ஓணானுக்கு எந்த வேலி என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக, ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு சொல். வண்ணமீன் கடைகளில் ரூபாய் நாணயம் அளவில் விற்கும் சிவப்புக் காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தது. சில ஆண்டுகளில் அது சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்துவிடும், தொட்டி நாறும், வீட்டில் முணுமுணுப்பு எழும். "பாவம், விட்டுவிடுவோம்" என்று ஒரு மாலையில் அதை வாணியாற்று அணைக்கோ கோயில் தெப்பக்குளத்துக்கோ கொண்டுபோகத் தோன்றும். கேரளத்துக் குளங்களில் அவ்வாறு விடப்பட்டவை நம் நாட்டு ஆமைகளின் இடத்தையும் இரையையும் பறிப்பதைக் கண்டு, அங்கே அவற்றைத் தேடிப் பிடிக்க நேர்ந்தது. ஆகவே குளத்தில் விடாதீர்கள். ஒரு வாளியில் சிறிது நீர் ஊற்றி, ஆமையை அதில் இட்டு, காற்றுப் புகும்படி மூடி, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். எங்கே வாங்கினீர்கள், எப்போது வாங்கினீர்கள் என்று கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள்.